அருவி திறக்கும் வயது

மலையும் அருவியும் உள்ள ஒரு நாடு இருந்தது. பிற்பாடு நாடு என்று அதற்குப் பெயர். உழைக்கிற வயதில் அருவியில் குளித்தால் குடிமக்களுக்கு வேலையில் மனம் தங்காது என்று அந்நாட்டு மன்னர் கண்டறிந்தார். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவர்கள் மட்டும் தங்கள் துணையோடு குளிக்கலாம் என்று சட்டம் செய்தார். மக்கள் மன்னரின் முன்யோசனையை மெச்சினார்கள். அருவியைச் சுற்றி மதில் எழுந்தது. இரும்புக் கதவும் வந்தது.

கதவுக்குக் காவலராக இசக்கியப்பனை நியமித்தார்கள். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது, புதிதாகக் கல்யாணமானவர். மனைவி வேலம்மை தினமும் மத்தியானம் சாப்பாடு கொண்டு வருவாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மதிலில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். சாரல் ஊறி அந்தக் கல் எப்போதும் குளிர்ந்திருக்கும்.

"ஏங்க, சாவி உங்க இடுப்புலதானே இருக்கு. ஒரு தடவை தொறந்து விடுங்களேன். தலையை நனைச்சுட்டு ஓடி வந்துடறேன்."

"சட்டம் தெரியாம பேசாத. இருபத்தேழு வருஷம் எப்படிப் போச்சுன்னே தெரியாது. அப்புறம் நாள் முழுக்க நின்னு குளி. யாரு கேக்கப் போறா?"

அதோடு விட்டாள் என்று சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டாள். அவரும் அதே பதிலைச் சொன்னார். அவருடைய நேர்மைக்காக அரண்மனையில் ஒரு சால்வை போர்த்தினார்கள். மதிலின் தென்புறத்தில் அமைச்சர்களின் குடும்பத்தாருக்கென்று ஒரு சிறு வாசல் இருந்தது. அது சட்டத்தில் இல்லாத வாசல் என்பதால், அதைக் காவல் காக்கும் வேலை இசக்கியப்பனுக்கு இல்லை.

அவருக்கு ஐம்பத்து நான்கு ஆனபோது இன்பத்துறை அமைச்சர் ஓர் அறிவிப்பை வாசித்தார்.

"நம் மக்களின் ஆயுள் கூடியிருக்கிறது. ஆகவே, மகிழ்ச்சியை இன்னும் சற்றுத் தள்ளிவைக்கும் ஆற்றல் அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. இது நமது ஆட்சியின் மாபெரும் சாதனை. இனி ஓய்வு வயது அறுபது!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சில வருஷம் கழித்துத் தேர்தல் வந்தது. ஒரு கட்சி அறுபத்திரண்டு என்றது, இன்னொரு கட்சி அறுபத்து மூன்று என்றது. மக்கள் அறுபத்திரண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தெருவெல்லாம் பட்டாசு வெடித்தார்கள்.

அறுபத்திரண்டாவது வயதில் இசக்கியப்பன் சாவியை ஒப்படைத்தார். மறுநாள் காலையே வேலம்மையைக் கூட்டிக்கொண்டு கதவைத் தாண்டினார். அருவிக்கு எண்பத்து மூன்று படிகள் இறங்க வேண்டும். பத்தாவது படியில் அவளுக்கு முழங்கால் மடங்க மறுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

"கையைப் பிடிச்சு மெதுவா எறங்குவோமே?"

"எறங்கிட்டா யாரு ஏறறது?"

அவர் மட்டும் இறங்கினார். கீழே கிழவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கியபடி வரிசையாக நின்றார்கள். தண்ணீர் முதுகில் விழுந்ததும் அவருக்கு மூச்சு முட்டியது. உடனே வெளியே வந்துவிட்டார். மேலே ஏறி வந்தபோது, அவர் கையில் நின்ற ஈரத்தை வேலம்மை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சா?"

"ம்" என்றார். துண்டை எடுத்துக் கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம், அருவியை எல்லா வயதினருக்கும் திறந்துவிட வேண்டும் என்று இளைஞர்கள் மனுக் கொடுத்தார்கள். அரசு பெருந்தன்மையோடு அந்த முடிவை ஓய்வு பெற்றவர்களிடமே விட்டது. அவர்களைத் தம்பதிகளாக மைதானத்தில் உட்காரவைத்தார்கள். அமைச்சர் மேடையேறினார்.

"பெரியோர்களே! காத்திருப்பின் அருமை காத்திருந்தவர்களுக்கே தெரியும். இன்று கதவைத் திறந்துவிட்டால், நீங்கள் இத்தனை காலம் காத்திருந்தது வீண் என்று ஆகிவிடும். அதற்குச் சம்மதமா? மதில் நீடிக்க வேண்டும் என்போர் கை உயர்த்துங்கள்!"

வீண் என்ற சொல் இசக்கியப்பனை உலுக்கியது. அது வீண் என்றால், முப்பத்து நான்கு வருஷம் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலம்மைக்குத் தான் செய்தது என்ன? அந்தக் கேள்விக்குப் பக்கத்தில்கூட அவரால் நிற்க முடியவில்லை. கை தானாக உயர்ந்தது. மைதானம் முழுக்கக் கைகள். வேலம்மையின் கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன.

எண்ணிக்கொண்டு வந்த எழுத்தர் நின்றார். "அம்மா கை தூக்கலியே?"

"அவளுக்குத் தோள்ல வலிங்க. தூக்க முடியாது. சம்மதம்தான், எழுதிக்கோங்க" என்றார் இசக்கியப்பன்.

எழுத்தர் எழுதிக்கொண்டு நகர்ந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாக அறிவித்தார்கள். மக்களின் ஆர்வத்தை மதித்து, வருகிற தலைமுறைக்கு வயது அறுபத்தைந்தாக உயர்த்தப்படுவதாகவும் சொன்னார்கள். மைதானம் எழுந்து நின்று கைதட்டியது.

"எனக்குத் தோள்ல ஒரு வலியும் இல்லீங்க" என்றாள் வேலம்மை.

இசக்கியப்பன் கைதட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.