சம்பந்தியை வழியனுப்பக் கிரேக்கம் படித்தேன்

அட்டுவம்பட்டி,
கொடைக்கானல்.

அன்புள்ள மச்சான் பரமானந்தம் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவது முறை. பொய் எழுத மனம் வராததால் எழுதவில்லை. அய்யம்பாளையத்தில் நீங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள். "பையன் கிரேக்கனா இருந்தா என்ன மாப்ள, கோயிலுக்குப் போறவன்தானே" என்று என் மகள் ஜென்சியின் கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டு மலையிறங்கிப் போனவர் நீங்கள். கிடந்து அனுபவிக்கிறவன் நான்.

கல்யாணம் முடிந்த கையோடு சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் ஊருக்குக் கிளம்பத்தான் செய்தார்கள். உங்கள் தங்கச்சி வாசலில் நின்றுகொண்டு, "என்ன அவசரம், இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்ல" என்றாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடமும் இதைத்தான் சொல்கிறாள், அவர் என்ன நம் வீட்டில் பாய் விரித்தா படுத்துவிட்டார்? ஜென்சி அதை அவர்கள் பாஷையில் சொன்னதும் இரண்டு பேரும் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எப்போது பெட்டி கட்டினாலும் இதே கூத்து. வாசலில் காலைவெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்று. அங்கே என் நாற்காலி, அதில் சம்பந்தி. மீன்குழம்பு, சாம்பார், இட்லி என்று எதைக் கண்டாலும் எலுமிச்சம்பழத்தைப் பிழிகிறார். பற்றிக்கொண்டு வருகிறது மச்சான்!

அவர்கள் போனால் ஜென்சியும் கூடப் போவாள் என்று எனக்குத் தெரியாதா? அதுதானே வயிற்றெரிச்சல். ஒரே தரமாக அழுது தீர்த்திருப்பேன். அவள் பெட்டி கட்டுவதும், நான் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டு அழுவதும், வெளியே வந்தால் பெட்டி பிரித்துக் கிடப்பதும்! ஒரே மகளை ஒரு மனுசன் எத்தனை தடவைதான் வழியனுப்புவான்?

அதனால் உங்கள் தங்கச்சியை வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நானே அவர்கள் பாஷையில் விடைகொடுத்து அனுப்புவதென்று, யாருக்கும் தெரியாமல் செல்போனைப் பார்த்துப் படித்தேன். 'கலோ தக்ஸீதி'. பயணம் நல்லபடியாக அமையட்டும் என்று அர்த்தம். சவரம் செய்யும்போது சொல்லிப் பார்த்தேன். ஜெபமாலை சொல்லும்போதும் அதுவே வாயில் வந்து, சிலுவை போட்டுக்கொண்டேன். வெளி கேட் பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னபோது, மேய்ந்துகொண்டிருந்த காட்டுமாடு நிமிர்ந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டிவிட்டது. மாட்டுக்கே உறைக்கிறது, மனுசனுக்கு உறைக்காதா? நாளைக்கு வெள்ளனே சண்முகராஜின் டாக்ஸி வருகிறது. சொல்லத்தான் போகிறேன். இனிமேல் வரன், கிரன் என்று இந்த மலையேறினீர்களோ, மரியாதை கெட்டுப்போகும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கு ஒன்றும் கிடையாது.

ஆத்திரத்துடன்,
மரியசெல்வம்

பி.கு.: காலையில் டாக்ஸி வந்தது. உங்கள் தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் பிசகாமல் சொன்னேன். சம்பந்தி என்னைக் கட்டிக்கொண்டு படபடவென்று என்னவோ பேசினார். ஜென்சி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். மாப்பிள்ளை நிக்கோஸ்தான் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "மாமா, அப்பாக்கு ஊர்ல ஒலிவத் தோட்டம். வேலை நிறைய. போகணும், போகணும் சொல்றார். ஜென்சிதான், 'போனா எங்கப்பா மனசு ஒடஞ்சிரும், இருங்க, இருங்க' சொல்றா."

நான் அவளைப் பார்த்தேன். "அம்மா சும்மா பேச்சுக்குச் சொல்றாங்கன்னு தெரியும்ப்பா. எனக்குத்தான் போக மனசு வரல" என்றாள்.

சண்முகராஜுக்குக் 'கலோ தக்ஸீதி' சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். எலுமிச்சம்பழம் தீர்ந்துவிட்டது மச்சான், வெரசாக ஒரு மூட்டை அனுப்புங்கள்.