மஞ்சப்பல்லி விரதம்

வெட்கக்கேடு. இதை உங்களிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். எப்படியும் என் மனைவி உமா மகேஸ்வரி சொல்லிவிடுவாள். அவள் வாயால் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும். நானே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆவுடைநாயகம் என்ற பெயரே கிடையாது. மஞ்சப்பல்லி. பல் மஞ்சள், ஆள் பல்லி. பேர் வைத்தவள் கூடப் படித்த நிர்மலாதேவி. பல்லி பெருத்து உடும்பு சைஸுக்கு வந்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை. தீபாவளிக்கு மறுநாள் ஐந்தருவியில் பழைய மாணவர் சந்திப்பு, குடும்பத்தோடு வரணும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். உடனே நிர்மலாதேவி கேட்டாள்: "மஞ்சப்பல்லி வருதானா?" குரூப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அன்றைக்கு எடுத்தேன் சபதம். பல்லை வெளுத்தே தீருவது.

தென்காசியில் வெளுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். தீபாவளிக்கு முந்தின நாள், "பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று உமாவிடம் பையை வாங்கிக்கொண்டு செங்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். அங்கே பல் டாக்டர் என்னத்தையோ தடவி, லைட்டெல்லாம் அடித்து, பளிச்சென்று வெளுத்துவிட்டார். பிறகு பாதி மலையாளத்தில் சொன்னார்:

"ரெண்டு மூணு திவசம் காப்பி வேண்டா, சாம்பார் வேண்டா, மஞ்சள் தொடவே வேண்டா. கறை பிடிச்சிரும். வெள்ளையா உள்ளது மாத்ரம் கழிச்சா மதி."

எனக்குப் பகீரென்றது. "அது நம்ம கையிலயா டாக்டர் இருக்கு?"

மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவதாம். அங்கேயே பாதி மானம் போயிற்று.

படி இறங்கினால் எதிரே பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் அக்கா. தையல் நூல் வாங்க வந்திருக்கிறாள். வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். சமாளித்துவிட்டதாக நினைப்பு.

தீபாவளி விடிந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் உமா கிண்ணத்தோடு நிற்கிறாள்.

"இந்தாங்க லேகியம். வாயத் திறங்க."

கன்னங்கரேலென்று ஒரு உருண்டை. பல்லில் பட்டால் போச்சு.

"வேண்டாம் உமா. நான் விரதம்."

"என்ன விரதம்?"

"கந்தசஷ்டி."

"சஷ்டி நாளைக்குல்லா ஆரம்பிக்கு?"

"வயித்த இன்னைக்கே பழக்குதேன்."

மேலும் கீழும் பார்த்தாள். "என்னதான் சாப்பிடுவிய?"

"பாலு, தயிரு, இளநீரு, தேங்காப்பாலு."

"எல்லாம் வெள்ளையால்லா இருக்கு?"

"முருகனுக்கு அதான் புடிக்கும்."

"அப்ப பழத்துக்காவ எதுக்குக் கோவிச்சிக்கிட்டு மலையேறினாராம்?"

சிரித்து வைத்தேன்.

"ஏங்க, ரெண்டு நாளா எதுக்கெடுத்தாலும் சிரிக்கிய? கரண்ட் பில்லைப் பார்த்துக்கூட சிரிச்சிய. கோட்டி கீட்டி புடிச்சிட்டா?"

"பக்திப் பரவசம்."

மத்தியானம் என் எதிரே உட்கார்ந்து பூசணிக்காய் சாம்பார், பீட்ரூட் பச்சடி, உளுந்தவடை என்று வளைத்துக் கட்டினாள். எனக்கு ஒரு டம்ளர் பால். பசி தாங்கவில்லை. அவள் கை கழுவப் போன நேரம் ஒரு வடையைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய், சிவந்த தோலை உரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருந்த வெள்ளையை மட்டும் தின்றேன். இந்த வயதில்.

"வடைக்குள்ளயா இருக்கு உங்க விரதம்?" என்றது கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

மறுநாள் காலை. சந்திப்புக்கென்றே வாங்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டையையும் ஜீன்ஸையும் தேடினேன். வாளித் தண்ணீரில் கிடந்தன.

"ஏட்டி, என்ன பண்ணி வச்சிருக்க?"

"விரதக்காரரு ஜீன்ஸா போடுவாவ? மஞ்ச வேட்டி, மஞ்சத் துண்டு எடுத்து வச்சிருக்கேன். மஞ்சச் சட்டை ஞானபாக்கியம் அக்கா அவசரமாத் தச்சுத் தந்தாவ."

"எனக்கு வெள்ளை வேட்டி போதும்."

"முருகனையே ஏமாத்தப் போறியளா?"

என்னத்தைச் சொல்ல? உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மஞ்சள். உடுத்தினேன். போதாததற்கு நெற்றி நிறையச் சந்தனத்தையும் அப்பிவிட்டாள்.

ஐந்தருவியில் எல்லாரும் எங்களுக்கு முன்னால் வந்திருந்தார்கள். இருக்கிற பல்லையெல்லாம் காட்டிக்கொண்டே போனேன். ஒரு பயல் என் வாயைப் பார்க்கவில்லை. நிர்மலாதேவி என்னை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தாள்.

"ஏலே மஞ்சப்பல்லி! பேரை மறக்காம அதே கலர்லயே வந்திருக்கியே!"

அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது சிரிப்பு. கூட்டத்தின் நடுவில் என்னை நிறுத்தி போட்டோ வேறு எடுத்தார்கள். கூனிக் குறுகிப்போய் நின்றேன். பிறகு எல்லாரும் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டார்கள். உமா இரண்டாம் தடவை சால்னா கேட்டு வாங்கினாள். நான் ஒரு ஓரமாக இளநீர் குடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "உமா, விரதத்த இத்தோட விட்டுருவமா?"

"ஐயோ, சாமி குத்தமாயிரும். சூரசம்ஹாரம் வரைக்கும் இருந்துதான் ஆவணும்."

நான் குனிந்து வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கே பாவமாகப் போயிற்று போல. கரையை நீவிவிட்டபடி சொன்னாள்.

"வேட்டி மஞ்சளா இருக்கேன்னுதான விசனப்படுதிய? சஷ்டி முடியட்டும், கொண்டுபோய்க் குடுத்துருவோம். ஞானபாக்கியம் அக்கா சொன்னாவ, செங்கோட்டையில நல்லா வெளுக்காவளாம்லா."