ஆட்டுக் காதும் மதினி கையும்

திருநெல்வேலி ஜில்லாவில் ஆட்டின் காதை எங்கள் காது அண்ணாச்சியைப்போல் உற்றுப் பார்த்த மனிதர் பிறந்ததில்லை. இனிப் பிறக்கப்போவதும் இல்லை. சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்க்கிறவர்கள் உண்டு, மடியைப் பார்க்கிறவர்கள் உண்டு. காது அண்ணாச்சி காதைப் பிடித்து வெயிலுக்கு நேராக விரித்து, உண்ணி கடித்த ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். ஆட்டுக்காரன் "வாங்குதீரா, வைத்தியம் பாக்கீரா வே?" என்று எரிந்து விழுவான்.

அவர் எங்கள் பார்மசி காலேஜ் ஆய்வகத்தில் உதவியாளர். தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே மேல்படிப்பு படித்தேன். வலி மாத்திரையில் இருக்கிற மருந்தைப் பிளாஸ்திரியில் தடவி, தோல் வழியாக உடம்புக்குள் அனுப்புவதுதான் என் ஆராய்ச்சி. தோல் லேசில் விடாது. அதை இளக்க யூகலிப்டஸ் தைலம், புதினா உப்பு என்று ஒவ்வொன்றாய்ச் சேர்த்துப் பார்ப்போம். இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களுக்கு நடுவே ஆட்டுக் காதுத் தோலை இழுத்துக் கட்டி, மேலே பிளாஸ்திரியை ஒட்டி, கீழே உள்ள உப்புத் தண்ணீரில் மருந்து இறங்கியிருக்கிறதா என்று மணிக்கு ஒருதரம் அளக்க வேண்டும்.

காது கொண்டுவருவது அண்ணாச்சி பொறுப்பு. சந்தையில் பார்த்துவைத்த ஆட்டின் காதை அம்பாசமுத்திரத்தில் கறிக்கடையில் வாங்கி, தூக்குச்சட்டியில் ஐஸ் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரர், "என்ன அண்ணாச்சி, மத்தியானச் சாப்பாடா?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். இவரும் மரியாதையாகத் திறந்து காட்டினார். திருநெல்வேலி ஜங்ஷனுக்கு டிக்கெட் எடுத்த அந்த மனிதர் சேரன்மகாதேவியிலேயே இறங்கிவிட்டார்.

நாங்கள் கழித்துப் போட்ட பிளாஸ்திரிகளையெல்லாம் தன் உடம்பில் ஒட்டிப் பார்ப்பார். ஆற்றில் குளிக்கும்போது ஒருவர், "என்னவே, உடம்பெல்லாம் பஞ்சர் ஒட்டியிருக்கீரு?" என்றாராம். "ஒண்ணும் எறங்க மாட்டேங்கு வே" என்று பதில் சொல்லியிருக்கிறார்.

கிறுக்கு என்றுதான் நானும் நினைத்தேன், அவர் வீட்டு விஷயம் தெரிகிறவரை. அவர் மனைவி, எங்களுக்கு மதினி, பீடி சுற்றுகிறவர். விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கை கோணிவிட்டது. வலி மாத்திரை தின்று தின்று ஒருநாள் ரத்த வாந்தி எடுத்தார். இனி ஒரு மாத்திரை உள்ளே போனால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வயித்துக்குப் போகாம கைக்குப் போக வழி உண்டுமா தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"அதைத்தான் அண்ணாச்சி தேடுதோம்."

ஒரு வெள்ளிக்கிழமை உப்புத் தண்ணீரில் மருந்தின் அளவு விறுவிறுவென்று ஏறியது. அண்ணாச்சி மிச்சமிருந்த பிளாஸ்திரிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, "அரை நாள் லீவு சொல்லிருங்க" என்று பஸ்ஸுக்கு ஓடினார். சாயங்காலம் அந்தத் தோலைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். குண்டூசி நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை. அத்தனை காது பார்த்த கண்ணுக்கு அந்த ஒரு காது தப்பிவிட்டது. மருந்து தோலில் இறங்கவில்லை, ஓட்டையில் ஒழுகியிருக்கிறது.

திங்கட்கிழமை வந்தார். "எறங்கிட்டு தம்பி. நேத்து அவளே தலை சீவிக்கிட்டா. நானூறு பீடி சுத்தியிருக்கா."

சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். கோழைப் பயல் நான். நம்பிக்கையிலேயே வலி குறைந்தால் குறையட்டுமே, வெறும் பிளாஸ்திரி யாரை என்ன செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று வாரம் செய்தும் கொடுத்தேன்.

நாலாவது வாரம் மதினி ரத்தம் கக்கினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பீடி சுற்றுகிற சுளகில், இலைக்கு அடியில், பெட்டிக்கடை வலி மாத்திரையின் வெற்று அட்டைகள் கத்தையாகக் கிடந்தனவாம். புருஷன் ஆசையாய் ஒட்டிவிட்டது கேட்கவில்லை என்று சொல்ல மதினிக்கு மனசு வரவில்லை. எனக்கும் வரவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த மனிதரை ஏமாற்றியிருக்கிறோம்.

பிணவறை வாசலில் அண்ணாச்சி தரையில் உட்கார்ந்திருந்தார். ஓட்டை விஷயத்தை அங்கேதான் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

"ஆட்டுத் தோலு ஆகாது தம்பி" என்றார் பைய. "மனுசத் தோலு கெடைக்கலன்னு சொல்லுவியள்லா. அவகிட்ட எடுத்துக்கிடுங்க. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன். வேற எவளுக்காவது எறங்கட்டும்."

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கையில மட்டும் எடுக்காதீங்க. அது பட்டது போதும்" என்றார்.

நான் எங்கேயும் எடுக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர்தான் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். பெற்ற அப்பாவிடம்கூட நான் அப்படி அழுததில்லை.