ஆற்றுக்கு வழி காட்டியவள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாரும் ஏதாவது சொதப்புவார்கள். நான், வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வேண்டிய ஒரு சந்துச் சனத்தில் பாதியை ஆற்றுக்கே அனுப்பினேன்.

குருவிட்டப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். பட்டம் முடித்ததும் இரத்தினபுரியில் நகரசபைக்கு உதவும் திட்டமொன்றில் வேலை கிடைத்தது. பெருமழை பெய்தால் நகரம் முழுகும். கடைகள் நாட்கணக்கில் மூடிக்கிடக்கும். கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது. நகரம் வெள்ளத்தைத் தாங்கி, சீக்கிரமே எழுந்து நிற்க வேண்டும் என்பதே திட்டம். (என் பதவியின் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மாவுக்கு அடுப்பில் பால் பொங்கிவிடும்.)

ஆற்றோரச் சந்தில் தமிழ்த் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் சிங்களம் பேசுவார்கள். ஆனால் பலருக்கு அதை வாசிக்க வராது. அதனால் சந்தின் நடுவில் தமிழில் வழிகாட்டிப் பலகை வைப்பது என் பொறுப்பு. வெள்ள ஒத்திகைக்கு முன் கூட்டம் போட்டு மூன்று தடவை சொன்னேன்: "யாரும் சொந்த யோசனையில ஓடாதீங்க. போர்டுல அம்புக்குறி காட்டுற பக்கம் போங்க."

சனிக்கிழமை காலை ஒலிபெருக்கி அலறியது. மேட்டிலிருந்த மண்டபத்து வாசலில் நகரசபை எஞ்சினியரோடு நின்றேன். சந்தின் ஒரு கோடியிலிருந்த குடும்பங்கள் வந்து சேர்ந்தன. மறுகோடியிலிருந்து ஒருவரும் வரவில்லை. இருவரும் கீழே ஓடினோம்.

ஆற்றின் கடைசிப் படியில், தலையில் மூட்டைகளோடு வரிசையாக நின்றார்கள். முன்னால், தன் ஆட்டைப் பிடித்தபடி, அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்த செல்வமணி அக்கா.

எஞ்சினியர் மெதுவாகக் கேட்டார்: "நங்கி, மே கங்க நேத?" தங்கச்சி, இது ஆறுதானே?

திரும்பிப் போய்ப் பலகையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அச்சடிக்கச் சொன்னது நான்தான். இரண்டு பக்கமும் அம்புக்குறி வலப்பக்கம். ஒரு கோடியிலிருந்து வந்தால் வலப்பக்கம் மேடு. மறுகோடியிலிருந்து வந்தால் ஆறு.

"அக்கா, மேடு எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியும்தானே. தெரிஞ்சும் ஏன் இங்க வந்தீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "படிச்ச புள்ள சொன்னா ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சோம்மா."

எஞ்சினியர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பிறந்ததிலிருந்து வெள்ளம் பார்த்தவர்கள். அவர்கள் கால்களுக்குத் தெரிந்ததை மறக்கச் சொன்னவள் நான்.

மறுநாள் செல்வமணி அக்காவை முன்னே நடக்கவிட்டு, அவர் கை காட்டிய இடங்களில் எல்லாம் புதிய பலகைகளை வைத்தோம். அடுத்த பெருமழையில் சந்துக்குள் இடுப்பளவு தண்ணீர். நான் போவதற்குள் எல்லாரும் மேட்டில் இருந்தார்கள், ஆடு உட்பட. எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தார்கள்.

இதெல்லாம் என் வீட்டுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. (தெரியும். நானே அழுதுகொண்டே சொன்னேன்.) இன்றைக்கும் ஆட்டோவில் ஏறி நான் வழி சொல்லத் தொடங்கினால், என் மகள் சாரதியின் தோளைத் தட்டுவாள்.

"அங்கிள், அம்மா வலதுன்னா நீங்க இடது போங்க. நாங்க நனையாம போகணும்."