கோழி மருந்தும் என் மகளின் நிச்சயமும்

ஐம்பது வயதுக்கு மேல் அலுப்பு என்பது வியாதி இல்லை, குணம். புதுச்சத்திரம் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்து, நாள் முழுக்கக் கொட்டகை நிழலில் நிற்கும் எனக்கு அது கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், வைட்டமின் டி குறைவு என்று வாரம் ஒரு மாத்திரை எழுதினார். (இந்த ஊர் வெயிலில் அது குறைகிறது என்றால், ஜேடர்பாளையம் அணையில் நின்றுகொண்டு தாகத்தில் தவிப்பது மாதிரி.)

வாரம் ஒன்று எனக்குப் போதவில்லை. மகளுக்கு நிச்சயம் நெருங்கிக்கொண்டிருந்தது. சபையில் நிமிர்ந்து நிற்க வேண்டாமா? முட்டை ஓடு கெட்டியாகக் கோழித் தண்ணீரில் கலக்கும் டி மருந்து கொட்டகையில் இருந்தது. கோழிக்கு ஓடு கெட்டியாகும்போது எனக்கு எலும்பு ஆகாதா? தினமும் ஒரு மூடி குடித்தேன். அலுப்பு கூடியது. அதனால் இரண்டு மூடியாக்கினேன். (புத்தி அப்படி.)

நிச்சயத்தன்று நாக்கு வறண்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். தட்டு மாற்ற எழுந்தவன் தள்ளாடி, சம்பந்தியம்மாவின் பட்டுப்புடவை மேலேயே வாந்தி எடுத்தேன்.

"ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு குடிப்பாருங்களா?" என்று அவர் என் மனைவியைக் கேட்டார். "குடிக்கிற ஊட்டுல நாங்க பொண்ணெடுக்கறதில்லீங்க."

மகள் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் என் மானம் போனால் போகட்டும் என்றாகிவிட்டது.

"சாராயம் இல்லீங்க," என்றேன். "கோழி மருந்துங்க."

யாரும் நம்பவில்லை. மாப்பிள்ளைதான் தன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். ரத்தத்தைப் பார்த்த டாக்டர் தலையில் கைவைத்தார்.

"பேருதாங்க வைட்டமின். உடம்புக்குள்ள இது ஸ்டீராய்டு ஹார்மோன் மாதிரி. செல்லுக்குள்ள புகுந்து எந்த ஜீன் வேலை செய்யணும்னே உத்தரவு போடும். அளவு மீறுனதால ரத்தத்துல கால்சியம் ஏறிப்போச்சு. மிச்சம் கொழுப்புல தங்கிக்கும், லேசுல வெளிய போகாது. கிட்னி தப்பிச்சதே பெருசு."

சம்பந்தியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கோழிக்கு என்னத்த ஊத்துனீங்க?" என்றார்.

வெறும் தண்ணீர்தான். இருந்த மருந்தை எனக்கென்று ஒதுக்கிக்கொண்டதை நான் வீட்டில் சொல்லவில்லை. அந்த வாரம் லாரி ஏறிய முட்டையில் பாதி வழியிலேயே உடைந்தது.

தட்டை என் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வைத்து மாற்றிக்கொண்டோம். இன்று பேரன் பள்ளிக்கூடம் போகிறான். அலுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. சம்பந்தி வீட்டுக்குச் சாப்பிடப் போனால், ஆம்லெட்டுக்கு உடைக்கிற முட்டையின் ஓடு கொஞ்சம் நொறுங்கினால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்:

"ஏனுங்க சம்பந்தி, இந்தக் கோழி பங்கையும் நீங்களே குடிச்சுட்டீங்களா?"