ஒன்பது மாதம் காத்திருக்காத பாட்டில் மேடம்

புயல் கடந்ததும் மரக்காணத்தில் எல்லோரும் அவரவர் கூரையைத் தேடி ஓடினோம். அடுத்தவர் வீட்டுக் கிணற்றைத் தேடி ஓடியவர் இந்தப் பூமியிலேயே பாட்டில் மேடம் ஒருவர்தான்.

எங்கள் மாடியில் குடியிருந்த பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அவர். கிணறு, குட்டை, உப்பளம் என்று கண்ட இடத்திலெல்லாம் தண்ணீரை மொண்டு பாட்டிலில் அடைப்பார். அவற்றை வைக்க எங்கள் ஃப்ரிட்ஜைக் கேட்டார். எங்கள் இட்லி மாவு பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது.

"அவங்க குட்டைத் தண்ணி ஜில்லுன்னு இருக்குது, நம்ம மாவு வாடகை வீட்ல பொங்குது!" என்றாள் என் மனைவி.

ஆனால் விஷயம் விளையாட்டில்லை. வெள்ளம் வடியாத உப்பளத்தில் வரப்பு கட்ட இறங்கியவர்களுக்கெல்லாம் காலில் கொப்புளம், அரிப்பு. "சேத்துப் புண்ணு, தானா போயிடும்" என்றார்கள். போகவில்லை. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று ஆராயப் பணம் வேண்டும். நிதி தரும் குழுவோ, ஒன்பது மாதத்தில் பரிசீலிப்பதாகச் சொன்னது.

மேடம் குழுத் தலைவருக்கே போன் போட்டார். "ஒம்போது மாசத்துல கொழந்தையே பொறந்துடும் சார்! இந்தத் தண்ணி அதுவரைக்கும் எனக்காக நின்னுக்கிட்டிருக்குமா?"

மறுநாளும் போட்டார். அதற்கு மறுநாளும். தொல்லை தாங்காமல் தலைவர் காரேறி நேரிலேயே வந்துவிட்டார்.

உப்பளக் கரையில் மேடம் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸை நீட்டினார்.

"அதெல்லாம் வேணாம்மா. ஏரியில குதிச்சு வளந்த ஆளு நான்."

"சார், சொல்றத கேளுங்க சார்!"

கேட்கவில்லை. பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு மகாராஜா போல் இறங்கினார்.

திரும்பி எங்கள் கூடத்தில் காபி குடிக்கும்போது இடது காலால் வலது காலைத் தேய்த்தார். பிறகு வலதால் இடதை. பிறகு நாற்காலிக் காலில் இரண்டையும். அடுப்படியில் இருந்த தேங்காய்த் துருவியை அவர் பார்த்த பார்வை சரியில்லை என்று மனைவி அதை எடுத்து ஒளித்துவைத்தாள்.

"என்னம்மா இது? எதனால வருது?"

"தெரியாது சார். தெரிஞ்சுக்கத்தான் பணம் கேக்கறேன்."

அந்த வாரமே நிதி வந்தது.

வெள்ளத்தில் மூழ்கிய ஒரு பழைய கொட்டகையிலிருந்து பூச்சிமருந்து கசிந்திருந்தது சோதனையில் தெரிந்தது. கொட்டகை காலியானது. கிணறுகளை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். பக்கத்து ஊர் அனுமந்தை வரை கால் புண்கள் ஆறின. உப்பளப் பெண்கள் மேடத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். இனி எங்கே புயலடித்தாலும் அந்த வாரமே ஆராய்ச்சிக்குப் பணம் தர, அந்தக் குழு தனி நிதியே ஒதுக்கிவிட்டது. முன்மொழிந்தவர் யாரென்று சொல்லவேண்டியதில்லை.

மேடம் இப்போது வேறு கடற்கரையில் இருக்கிறார். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் ஊரே மெழுகுவத்தி வாங்க ஓடுகிறது. என் மனைவி, மேடம் பாட்டிலோடு கிளம்புவதற்குள் போனை எடுத்து, "சாப்டீங்களா மேடம்?" என்று கேட்கிறாள்.