பதின்மூன்றாவது குறை

அந்த வீட்டுக்குக் குடிபோவதில்லை என்று ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தீர்மானித்தேன். அசைக்க முடியாத தீர்மானம். ஆகவே மனைவியிடம் சொல்லவில்லை.

அவள் பாடம் சொல்லித்தரும் பள்ளி, பழைய சந்தை நகரத்தில் இருக்கிறது. நாங்கள் குடியிருப்பதோ அங்கிருந்து இரண்டு பேருந்துத் தொலைவில். சந்தைக்குப் பின்னால், ரயில்பெட்டிகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் புராதன வரிசைவீடுகளுள் ஒன்று வாடகைக்கு வந்திருந்தது. பள்ளிக்கு நடந்தே போகலாம். மாலையில் அவள் வீங்கிய கால்களை நாற்காலிமேல் தூக்கி வைப்பதை நானும் பார்க்கிறேன். நான் கல்நெஞ்சக்காரன் அல்லன். ஆனால் எங்கள் மாடியில் மருந்துக்கடைக்காரர் இருக்கிறார். பதினோரு வருடங்களாக ஞாயிறுதோறும் மாலை அவரோடு சதுரங்கம். ஒவ்வொரு முறையும் நான் தோற்பேன்; கீழே வந்து மனைவியிடம், "ஜெயிச்சுட்டேன்" என்பேன். இந்தச் சுகத்தை எப்படி விடுவது?

நான் வேண்டாமென்றால் சண்டை வரும். வீட்டுக்காரரே அலுத்துப்போய் வேண்டாமென்றால்?

அன்றே வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கடிகாரக்காரர். சிறு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். நான் தொடங்கினேன்.

"என்ன சார், படி இப்படி ஆடுது?"

"நீங்க இன்னும் ஏறவே இல்லீங்களே."

"பாத்தாலே ஆடுது."

எழுதிக்கொண்டார்.

"குழாய் அழுதுட்டே இருக்கு. ஜன்னல் சாத்தினா திறக்கல, திறந்தா சாத்தல. மாடி உத்தரம் மண்டையில இடிக்குது."

"ஏங்க, கதவு கிறீச்சுங்குதே, அதச் சொல்லலையே?" என்றாள் மனைவி.

அவளுக்கும் பிடிக்கவில்லை! உற்சாகம் தலைக்கேறியது. மொத்தம் பன்னிரண்டு குறைகள். வெற்றியோடு வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் எங்கள் மாடியிலிருந்து மருந்துக்கடைக்காரரின் சாமான்கள் இறங்கின. "வெள்ளையடிக்கிறாங்களாம்" என்றாள் மனைவி. கட்டிலின் ஒரு முனையை நானே பிடித்து இறக்கினேன். அதன்பின் மருந்துக்கடைக்காரர் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

மூன்றாவது ஞாயிறு மாலை கடிகாரக்காரர் அழைத்தார். படி ஆடவில்லை. குழாய் அழவில்லை. ஜன்னல் சொன்னபடி கேட்டது. உத்தரத்துக்குப் பஞ்சுமெத்தை கட்டியிருந்தார்.

"எதுக்கு சார் இவ்வளவு சிரமம்?" என்றேன் ஈனக்குரலில்.

"அம்மா முதல்லயே சொல்லிட்டாங்க. 'எங்க வீட்டுக்காரர் மாதிரி குறை கண்டுபிடிக்க ஆள் கிடையாது. அவர் சொல்றத எல்லாம் சரிபண்ணிக் குடுத்தா, பத்து வருஷத்துக்கு நகர மாட்டோம்'னாங்க. எனக்கும் வருஷம் ஒரு ஆளத் தேடி அலுத்துப்போச்சு."

மனைவி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "சுவரு ரொம்ப மெல்லிசு சார். பக்கத்து வீட்டுல தும்மினா இங்க நான் மூக்கத் துடைக்கணும்."

சுவருக்கு அப்பால் யாரோ தும்மினார். தொடர்ந்து, எனக்கு நன்கு பழகிய குரல்: "சார், காய் அடுக்கியாச்சு. வர்றீங்களா?"

"நீங்களா! இங்க எப்படி?"

"போன வாரமே குடிவந்துட்டோம் சார். உங்க வீட்டம்மாதான் யாரும் மூச்சுவிடக் கூடாதுன்னாங்க. கட்டில் பிடிச்சதுக்கு நன்றி. உங்க பன்னிரண்டு குறையையும் வெச்சே கடிகாரக்காரர் தன்னோட இந்த வீட்டையும் சரிபண்ணிட்டாரு!"

மனைவி மூன்றாம் படியில் உட்கார்ந்து, கால்களை மெல்ல நீட்டிக்கொண்டாள். இனி அவற்றுக்குப் பேருந்து இல்லை.

"சுவரையும் எழுதிக்கட்டுமா சார்?" என்றார் கடிகாரக்காரர்.

"வேண்டாம். இருக்கட்டும்."

ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பினேன். அவள் அதே படியில், சுவரில் சாய்ந்தபடி இருந்தாள்.

"ஜெயிச்சுட்டேன்" என்றேன், வழக்கம்போல.

"கேட்டுச்சுங்க" என்றாள்.